நம்பர் போட்டா லிமிடெட்டா? சிற்பி போட்ட ஸ்கிரீன் பிரிண்ட் வாங்குறதைப் பத்தி

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் – 27 ஏப்ரல் 2023

சிற்பி ஒருத்தரோட செரிகிராஃப் (ஸ்கிரீன் பிரிண்டுதான்) ஒண்ணு ஆன்லைன்ல விலைக்கு வந்திருக்கு. ஓரத்துல 88/500னு (500 தாள்ல 88வது) இருக்கு, பக்கத்துல கையெழுத்து. விக்கிறவர் "லிமிடெட் எடிஷன், பின்னாடி விலை ஏறும்"ங்கிறார். எங்க மாமா "அது போஸ்டர்டா, அந்தக் காசுக்கு வீட்டைச் சுத்தி ஃபிளெக்ஸ் கட்டலாம்"ங்கிறார். வேலூர் பக்கம் யாராவது இதெல்லாம் சேர்க்கிறீங்களா? எதைப் பார்த்து நம்புறது?

28 ஏப்ரல் 2023, ராத்திரி

நான் சேர்க்கிறேன். மொத்தமே நாலு தாள்தான், அதனால பெரிய ஆள்னு நினைச்சுக்க வேணாம். ஆனா வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்துல ஸ்கிரீன் பிரிண்டிங் கடை எங்களுது, சட்டத்துல கட்டின வலைத்துணி வழியா மையை இழுத்து அடிக்கிற வேலை. அப்பா காலத்துல இருந்து கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, இப்போ மஞ்சப்பை. அந்த வகையில சொல்ல எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு.

நம்பரைப் பார்க்காதீங்க. கையெழுத்தையும் பார்க்காதீங்க. மையைப் பாருங்க.

பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க. ஆஃப்செட்ல (காலண்டர் அடிக்கிற மிஷின் அச்சு) அடிச்சதுன்னா நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புன்னு நாலு கலர் புள்ளி பூப்பூவா தெரியும். ஸ்கிரீன்ல அடிச்சதுன்னா புள்ளி இருக்காது. பச்சைன்னா பச்சை மையையே கலக்கி இழுத்திருப்பாங்க, தோசை மாவு மாதிரி ஒரே பரப்பா கிடக்கும். தாளை ஜன்னலோரம் சாய்ச்சுப் பாருங்க, மை தாளுக்கு மேல உட்கார்ந்திருக்கிறது தெரியும். ஒரு கலர் மேல இன்னொரு கலர் ஏறின இடத்துல நகத்தால தொட்டா சின்ன வரப்பு தட்டும். (விக்கிறவன் எதிர்ல நகம் வைக்காதீங்க.)

புள்ளி இருந்தா போலி, இல்லன்னா அசல். அவ்வளவுதான் விஷயம்.

29 ஏப்ரல் 2023

விட்டுப்போனது. செரிகிராஃப்ங்கிற பேரைப் பார்த்து மிரள வேணாம். 1930களோட கடைசியில அமெரிக்காவுல, கடை போர்டு அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டுல இருந்து கலைஞர்களோடதைத் தனியாக் காட்டணும்னு வச்ச பேரு அது. லத்தீன்ல பட்டு, கிரேக்கத்துல எழுத்து, ரெண்டையும் ஒட்டிட்டாங்க. எங்க கடையில நாப்பது வருஷமா வேலை பார்க்கிற அண்ணன்கிட்ட சொன்னேன். "நாம இழுத்தா ஸ்கிரீனு, அவங்க இழுத்தா அதுக்கு வேற பேரா? கூலி மட்டும் இன்னா கம்மியா கீது?"ன்னார்.

6 மே 2023

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சாச்சு. மத்தியானம் கடையில மை போல்டிங் துணியிலேயே (ஸ்கிரீன்ல கட்டுற வலைத்துணி) காய்ஞ்சு கண்ணை அடைச்சுக்குது, ரெண்டு இழுப்புக்கு ஒரு தடவை ரிடியூசர் (மை இளக்கி) போட்டுத் துடைக்க வேண்டியிருக்கு. அதனால மத்தியானம் வேலை இல்ல, இங்க வந்து எழுதுறேன்.

என்கிட்ட இருக்கிற நாலுல உசத்தி எதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். எதுவார்தோ பாவ்லோட்ஸி. 1924ல எடின்பரோவை ஒட்டின லீத்ல பிறந்தவர், அப்பா அம்மா இத்தாலிக்காரங்க, ஐஸ்கிரீம் கடை வச்சிருந்தவங்க. ஆள் அடிப்படையில சிற்பி. லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரி வாசல்ல குனிஞ்சு உட்கார்ந்து கவராயத்தால கோடு போடுறாரே வெண்கல நியூட்டன், அது இவர் செஞ்சது. இரும்பு, வெண்கலம்னு செஞ்ச அதே கையால ஸ்கிரீன் பிரிண்டும் நிறைய போட்டார். உடைஞ்ச மிஷின் பாகம், பத்திரிகைப் படம், விமானம், பொம்மை எல்லாத்தையும் வெட்டி ஒட்டி ஒரு படம். சிற்பத்துலயும் அதே வேலைதான் பண்ணியிருக்கார், அங்க ஒட்டுனது உலோகம்.

தங்கச்சி எடின்பரோவுல நர்ஸா இருக்கா. அங்க ரோட்டோரம் இவர் செஞ்ச ராட்சசப் பாதம் ஒண்ணு இருக்கு, 1991ல வச்சது. அது மேல உட்கார்ந்து ஃபோட்டோ அனுப்பினா. நான் விசாரிக்கப் போய், அவ பழைய பிரிண்ட் விக்கிற கடையில இருந்து தனித் தாள் ஒண்ணு வாங்கி, அட்டைக் குழாய்ல சுருட்டி, லீவுக்கு வந்தப்போ கையோட கொண்டு வந்துட்டா. பில்லுல "மூன்ஸ்ட்ரிப்ஸ்"னு எழுதியிருக்கு.

அம்மா விலை கேட்டாங்க. "நூத்தி இருபது பவுண்டும்மா." அம்மா காதுல "நூத்தி இருபது பவுன்"னு விழுந்து, அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. விளக்கிச் சொல்லித் தண்ணி குடுத்து எழுப்பினதுக்கு அப்புறமும், "காகிதத்துக்கா"ன்னு ரெண்டு நாள் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

கடை அண்ணனுக்கு அந்தப் பேரு வாயில வரல. அவர் ஊர்ப்பக்கம் பாவாடைராயன் கோயில் இருக்கு, அதனால எங்க கடையில இவர் பேரு பாவாடை. "தம்பி, பாவாடை படத்தை வெயில் படாம எடுத்து வை."

7 மே 2023

மூன்ஸ்ட்ரிப்ஸ்னா என்னன்னு கேட்டவருக்கு: "மூன்ஸ்ட்ரிப்ஸ் எம்பயர் நியூஸ்", 1967. பைண்டிங் கிடையாது, 100 உதிரித் தாள், அக்ரிலிக் பெட்டியில போட்டது. 500 பெட்டி. பெட்டியோட வாங்க நமக்கு வசதி பத்தாது. உடைச்சு உதிரியா விக்கிறதைத்தான் எங்களை மாதிரி ஆளுங்க வாங்குறோம். உடைக்கிறது பாவம்னு சொல்றவங்களும் உண்டு. அந்தப் பாவத்துல எனக்கும் ஒரு பங்கு.

14 மே 2023

கோவமா எழுதுறேன்.

இங்க நாலு பேருக்கு லென்ஸ் வைங்க லென்ஸ் வைங்கன்னு சொன்னவன், சொந்தப் பாவ்லோட்ஸி தாளுக்கு இன்னிக்குத்தான் வச்சேன். புள்ளி! நாலு கலர் புள்ளி, பூப்பூவா, அச்சு அசல் காலண்டர் மாதிரி. நகத்துல வரப்பும் தட்டல. ஏதோ புக்குல இருந்து கிழிச்ச பக்கத்தைத் தலையில கட்டிட்டான்.

தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்னேன். நைட் டூட்டி முடிச்சுட்டுத் தூங்கிட்டு இருந்தவ. "அண்ணா, ரெண்டு நாள் கழிச்சுப் பேசலாம்"னு வச்சுட்டா. அந்த நிதானம் எங்க வீட்ல வேற யாருக்கும் கிடையாது.

21 மே 2023

மேல 14ஆம் தேதி எழுதினதை அழிக்கல, அப்படியே இருக்கட்டும். ஆனா தப்பு.

மூன்ஸ்ட்ரிப்ஸுக்கு ரெண்டாவது தொகுதி ஒண்ணு இருக்கு: "ஜெனரல் டைனமிக் ஃபன்", 1970. 50 தாள், 350 பிரதி. முதல் தொகுதி மாதிரி முழுக்க ஸ்கிரீன் இல்ல. இதுல ஸ்கிரீன் பிரிண்டும் இருக்கு, ஃபோட்டோ லித்தோவும் இருக்கு. ஃபோட்டோ லித்தோன்னா ஃபோட்டோவைத் தகட்டுல ஏத்தி அடிக்கிறது, லென்ஸுக்கு அடியில ஆஃப்செட் மாதிரியேதான் தெரியும், ரெண்டும் ஒரே வம்சம். மியூசியம் பட்டியல்லயே அப்படித்தான் போட்டிருக்கு. என் தாள்ல இருக்கிற படமும் ரெண்டாவது தொகுதி வரிசையில இருக்கு. பில்லுல கடைக்காரர் "மூன்ஸ்ட்ரிப்ஸ்"னு சுருக்கி எழுதினதை நான் முதல் தொகுதின்னு எடுத்துக்கிட்டேன்.

ஆக, புள்ளி இருந்தா போலின்னு நான் அடிச்சு விட்டதும் காலி. சிற்பியே தெரிஞ்சு, வேணும்னே புள்ளியோட அடிச்சிருக்கார். பத்திரிகைப் படம் பத்திரிகை மாதிரியே தெரியணும்னு நினைச்ச ஆளுக்குப் புள்ளி எதுக்குக் குறை?

தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ அபராதம், அடுத்த லீவுக்கு.

22 மே 2023

இன்னும் ஒரு அசிங்கம் பாக்கி இருக்கு. ஸ்கிரீன்லயே புள்ளி வரும். இது தொழில்காரன் எனக்குத் தெரியாதான்னா தெரியும். கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை ஃபோட்டோ கேட்டா நாங்களே புள்ளி புள்ளியா பாசிட்டிவ் ஃபிலிம் எடுத்து, வெளிச்சம் காட்டி ஸ்கிரீன்ல ஏத்துறோம். ஆனா கலைன்னு சொன்னதும் மூளை வேற ரூமுக்குப் போயிடுது.

வித்தியாசம் என்னன்னா, ஸ்கிரீன் புள்ளி பெருசு, தடிப்பு. ஓரம் ரம்பப்பல் மாதிரி லேசா கடிச்சிருக்கும், துணியோட கண்ணு அங்க படிஞ்சிருக்கும். லித்தோ புள்ளி பொடி, தாளோட தாளா படுத்திருக்கும். அதனால 28ஆம் தேதி எழுதினதை இப்படித் திருத்திக்கங்க: புள்ளி இருக்கான்னு பார்க்காதீங்க, புள்ளி எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. அந்தப் படைப்பை எந்த முறையில அடிச்சதா மியூசியம் பட்டியல் சொல்லுதுன்னு முதல்ல பாருங்க. லென்ஸ் அப்புறம்.

11 ஜூன் 2023

பிரேம்.

எழுத வேணாம்னு இருந்தேன், குடியாத்தத்துக்காரர் "வாங்கினா எங்க பிரேம் போடுறது"ன்னு கேட்டுட்டதால. எங்க போடக்கூடாதுன்னு பேர் சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன், சாமி படத்துக்கு அவரை விட்டா ஆள் கிடையாது. பிரச்னையும் அதுதான், என் தாளையும் சாமி படம் மாதிரிதான் பார்த்தார்.

சனிக்கிழமை குடுத்தேன், செவ்வாய்க்கிழமை போனேன். தங்கக் கலர் பீடிங், கண்ணாடி பளபளன்னு. "சார், பிரேம் ரெடி சைஸு. படம் ஒரு நூல் பெருசா இருந்துது. லைட்டா ஓரம் எடுத்துட்டேன். சுருக்கம் வரக்கூடாதுன்னு ஃபுல்லா பசை போட்டு ஆர்டுபோர்டுல ஒட்டிக் கொடுத்துக்கீறேன். முப்பது வருஷம் ஆனாலும் அசையாது."

நான் ஒண்ணும் சொல்லல. அவர் முகத்துல அவ்வளவு பெருமை. காசு குடுத்துட்டு வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணாம ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

கத்துக்கிட்டது: ஓரம் வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. தாளோட மேல் விளிம்புல ரெண்டே இடத்துல, ஜப்பான் தாள் துண்டு வச்சு கோதுமை ஸ்டார்ச் பசையில கீல் போட்டாப் போதும். தண்ணி தொட்டா விட்டுடும். பின்னாடி வைக்கிற அட்டை அமிலம் இல்லாததா இருக்கணும், இல்லன்னா தாள் பழுத்துடும். கண்ணாடி தாள் மேல படாம நடுவுல மவுண்ட் போர்டு வேணும். நம்ம ஊர் மழைக்காலத்துல கண்ணாடியில ஒட்டின மையை எந்தச் சாமியாலயும் பிரிக்க முடியாது.

12 ஜூன் 2023

இன்னொண்ணு நேத்து ராத்திரி படுத்தப்போ உறைச்சுது. புக்குல கிழிச்ச பக்கமா, பெட்டியில இருந்து வந்த தாளான்னு முடிவு பண்ண எனக்கு மிச்சம் இருந்தது ரெண்டு சாட்சி. ஒண்ணு, பின்பக்கம் வெறுமையா இருக்கா. ரெண்டு, அளவு. அந்தத் தாள் சுமார் 38 செ.மீ உயரம், 25 செ.மீ சொச்சம் அகலம் இருக்கணும். பின்பக்கம் ஆர்டுபோர்டுல. அளவு கத்தரிக்கோல்ல.

வாங்கின அன்னிக்கே ஸ்கேல் வச்சு ஃபோட்டோ எடுத்திருக்கலாம். எடுக்கல.

9 ஜூலை 2023

ஆரணியில இருந்து ஒருத்தர்: "சின்ன நம்பர்தான் உசத்தியாமே, 3/500 கிடைச்சா விடக்கூடாதா?"

செப்புத் தகட்டுல கீறி அடிக்கிற பிரிண்டுக்கு அந்தப் பேச்சுல கொஞ்சம் நியாயம் உண்டு, தகடு தேய்ஞ்சுக்கிட்டே வரும். ஸ்கிரீன் அப்படித் தேயாது. அதுவும் இல்லாம, அடிச்ச வரிசையிலதான் நம்பர் போடுவாங்கன்னும் கிடையாது. நீங்களே யோசிங்க. ஏழு கலர், 500 தாள். ஒரு கலர் 500 தடவை இழுத்து, காயப் போட்டு, அடுக்கி, அடுத்த கலர் ஸ்கிரீன் மாத்தி, மறுபடி 500. மொத்தம் 3500 இழுப்பு, வேஸ்ட் தனி. ஏழு தடவை அடுக்கு கலைஞ்சு வந்த தாள்ல எது முதல்ல வந்ததுன்னு யார் கணக்கு வச்சிருப்பா? கடைசியில மேஜையில இருக்கிற கட்டுல மேல இருந்து பென்சில்ல போட்டுக்கிட்டே வருவாங்க.

மழைக்காலத்துல ஏழு கலர்னா அழுகையே வந்துடும். மூணாவது கலருக்குள்ள தாள் ஈரம் குடிச்சு ஊறிடும், ரிஜிஸ்டர் (கலரும் கலரும் சரியா பொருந்துறது) ஒரு மயிரிழை தள்ளிப்போகும், கருப்புக்கு வெளிய மஞ்சள் எட்டிப் பார்க்கும். சேர்க்கிறவங்க அதைத் தேடித் தேடிப் பார்த்து "கைவேலை"ன்னு ரசிக்கிறாங்க. அதே தப்பை நான் கல்யாணப் பத்திரிகையில பண்ணினா பொண்ணு வீட்டுக்காரர் கட்டைத் தூக்கி மேஜையில போடுறார்.

10 ஜூலை 2023

லிமிடெட்ங்கிறதுக்கு ஒரே அர்த்தம்தான்: எடிஷன் முடிஞ்சதும் ஸ்டென்சிலை (மை போற இடத்தை மட்டும் திறந்துவிடுற அச்சு) ஸ்கிரீன்ல இருந்து கழுவிடணும். அந்தக் கணக்குல எங்க கடையில அடிச்ச அத்தனை பத்திரிகையும் லிமிடெட் எடிஷன்தான். போல்டிங் துணி விக்கிற விலைக்கு அன்னிக்கே கழுவி அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கிறோம்.

16 ஜூலை 2023

"போஸ்டர்"ங்கிற வார்த்தையில ஒரு குழப்பம் இருக்கு. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்கு ஓவியர், சிற்பிகள்கிட்ட போஸ்டர் வாங்கினாங்க. சிற்பிகள்ல மரினோ மரினி, சில்லிதா ரெண்டு பேரும் உண்டு. அதே படம் கையெழுத்து போட்டு நம்பர் போட்ட பதிப்பா வந்துச்சு, கையெழுத்து இல்லாத அசல் அச்சா வந்துச்சு, சும்மா ஆஃப்செட் போஸ்டராவும் வந்துச்சு. மூணும் அசல்தான், மூணும் வேற வேற விலை. ஆஃப்செட்டை முதல் ரகம்னு நினைச்சு வாங்கினாத்தான் பட்டை நாமம். குடியாத்தத்துக்காரரே, உங்க 88/500ல கையெழுத்து பென்சிலா, இல்ல படத்தோட சேர்ந்து அச்சானதா? சாய்ச்சுப் பாருங்க, பென்சில்னா கரி மின்னும், தாள்ல சின்னப் பள்ளம் இருக்கும்.

இன்னொண்ணும் கேளுங்க: சிற்பி இந்தப் படத்தை ஸ்கிரீனுக்குன்னே போட்டாரா, இல்ல எங்கேயோ இருக்கிற ஓவியத்தைப் பார்த்து ஒரு பட்டறையில காப்பி எடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கினதா? நம்ம நாட்டுல செரிகிராஃப்ங்கிற பேர்ல விக்கிறதுல ரெண்டாவது ரகம் நிறைய. அது மோசடி இல்ல. ஆனா நான் வாங்க மாட்டேன்.

13 ஆகஸ்ட் 2023

கடை அண்ணனோட கேள்வி ஒண்ணு ரொம்ப நாளா என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு. "எல்லாம் சரி தம்பி, பாவாடை கையெழுத்து போட்டுக்கீறாரு. இழுத்தவன் பேரு எங்க?"

தேடினேன். பாவ்லோட்ஸியோட 1960கள் பிரிண்ட் நிறைய அடிச்சவர் கிறிஸ் பிரேட்டர். லண்டன்ல 1957ல மனைவி ரோஸோட ஆரம்பிச்ச பட்டறை, கெல்ப்ரா. ரோஸோட பிறந்த வீட்டுப் பேர் கெல்லி. கெல்லியும் பிரேட்டரும் சேர்ந்து கெல்ப்ரா. எங்களை மாதிரிதான் சாதாரண வேலை, கடை போஸ்டர்னு ஆரம்பிச்சவர். பாவ்லோட்ஸி வெட்டி ஒட்டின படத்தைக் கொண்டுபோய்க் குடுப்பார். பிரேட்டர் ஒவ்வொரு கலருக்கும் ஸ்டென்சிலைக் கத்தியால வெட்டி எடுப்பார். 1965ல வந்த "ஆஸ் இஸ் வென்" வரிசை, விட்கன்ஸ்டைன்ங்கிற தத்துவக்காரரை வச்சுப் போட்ட 12 பிரிண்ட், 65 பிரதி. அதைப் பெருசாக்கிப் பார்த்தோம். துணி நெசவு மாதிரி பொடிப்பொடிக் கட்டம், வளைவு, பட்டை, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம. அண்ணன் ஃபோனைக் கையில வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இது ஒரு கலருக்கு ரெண்டு நாள் வெட்டியிருப்பான்"னார். மறுபடியும் பார்த்துட்டு, "மூணு."

பிரேட்டர் தம்பதி அந்தப் பட்டறையில அடிச்ச பிரிண்டுகளை 1975ல லண்டன் டேட் காலரிக்குக் குடுத்துட்டாங்க. மியூசியம் பட்டியல்ல கொடுத்தவங்களா அவங்க பேர் இருக்குன்னு சொன்னேன். "கொடுத்தவங்கன்னா? அடிச்சவங்கன்னு போடலையா?" அச்சிட்டது கெல்ப்ரான்னு பட்டறை பேரைப் போடுவாங்கண்ணே, ஆனா கையெழுத்து போடுற ஓரம் மட்டும் சிற்பிக்குன்னேன். அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல, ஸ்குவீஜியை (மை இழுக்கிற ரப்பர் பட்டை) கழுவப் போயிட்டார்.

20 ஆகஸ்ட் 2023

சம்பந்தமில்லாதது, இருந்தாலும். பாவ்லோட்ஸி சின்ன வயசுல சிகரெட் பாக்கெட்ல வர்ற படஅட்டை சேர்த்தவராம். நான் ஆறாவது படிக்கும்போது சேர்த்தது குடியாத்தம் தீப்பெட்டி லேபிள். யானை, கோழி, கப்பல். ரெண்டு கலர், மூணு கலர், சிவப்பு எப்பவும் கோட்டைத் தாண்டியிருக்கும். அது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்துச்சு, வீடு வெள்ளையடிச்சப்போ போயிடுச்சு. இன்னிக்கு அந்த டப்பாவையும் பாவாடையையும் வச்சு ஒண்ணை எடுத்துக்கோன்னா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்.

1940ல இத்தாலி பிரிட்டனுக்கு எதிரா சண்டைக்கு வந்ததும் பாவ்லோட்ஸியைப் பிடிச்சு உள்ள வச்சாங்க. அவங்க அப்பா, தாத்தா, மாமா மூணு பேரும், பிடிச்சவங்களை ஏத்திப்போன அரண்டோரா ஸ்டார்ங்கிற கப்பல் முங்கினதுல போயிட்டாங்க. அவருக்குப் பதினாறு வயசு. அதைப் படிச்சதுக்கப்புறம் அந்த உடைஞ்ச மிஷின் துண்டுகளை நான் சும்மா வேடிக்கைன்னு பார்க்கிறதில்ல.

21 ஆகஸ்ட் 2023

ஒருத்தர் தனிச்செய்தியில: "கோட்டைக் கல்யாண மண்டபத்துல யாளி மேல உட்கார்ந்த வீரன் கல்லுல இருக்கிறான், அதை விட்டுட்டு வெள்ளைக்காரன் காகிதத்துக்கு ஏன்யா அலையுறே?"

போறேனே. மாசம் ஒரு தடவை போறேன். அதை பிரேம் போட எவனும் ஓரம் வெட்ட முடியாதுங்கிறது ஒரு நிம்மதி. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு நம்ம ஊருக்கு ஒரு சொலவடை உண்டு. சாமி இல்லாத கோயில்னும் சேர்த்துச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதை 1981ல சத்துவாச்சாரியில இருந்து லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வச்சுச் சரிபண்ணிட்டாங்க. இப்போ அந்த இடத்துக்கு ஓரம் இல்லாத படம்னு என் தாளைச் சேர்த்துக்கலாம்.

19 நவம்பர் 2023

மழை. மூணாவது தாள்ல (அது வேற, சென்னையில வாங்கின சின்ன பிரிண்ட்) ராமபாணம் பூந்து மூலையில ஒரு வெள்ளிக்கோடு மேய்ஞ்சிருக்கு. பிரேம் சுவரோட ஒட்டிக்கிட்டு இருந்ததுதான் காரணம். நாலு மூலையிலயும் பின்னாடி தக்கை வச்சுக் காத்துப் போக வழி பண்ணேன்.

26 நவம்பர் 2023

பிரேம்காரர் கடைக்கு அப்பா படத்துக்குக் கண்ணாடி மாத்தப் போனேன். பில் போட நோட்டைத் திறந்தார். பக்கம் அடையாளத்துக்கு உள்ள ஒரு காகிதப் பட்டை. ஒரு பக்கம் ஆரஞ்சு, ஓரத்துல நீலம்.

"இது எங்க கிடைச்சுது?"

"உங்க படத்துல எடுத்ததுதான் சார். தாளு நல்லா தடிப்பா இருந்துது, தூக்கிப் போட மனசு வரல."

வாங்கிட்டு வந்துட்டேன். பட்டை நாலு மில்லிமீட்டர். பின்பக்கம் வெள்ளை, எழுத்து எதுவும் இல்ல. பிரேமைப் பிரிச்சு அளந்து கூட்டினேன், 38க்கு ரெண்டு மில்லிமீட்டர் குறையுது. இன்னொரு பக்கமும் "லைட்டா" எடுத்திருப்பார். அந்தப் பட்டை கிடைக்கல.

லென்ஸ்ல வச்சுப் பார்த்தேன். அந்த ஆரஞ்சு புள்ளியா வரல. ஒரே பரப்பு. லித்தோ தாள்லயே இந்தக் கலரை மட்டும் தனி மையா அடிச்சாங்களா, ஸ்கிரீன்ல இழுத்தாங்களா? அண்ணன்கிட்ட குடுத்தேன். கட்டைவிரலால ரெண்டு தடவை தடவிட்டு, "இழுத்தது"ன்னார். எப்படிண்ணேன்னு கேட்டா, "எப்படின்னா? இழுத்தது"ங்கிறார்.

பட்டையைக் கவர்ல போட்டு, மேல தேதி எழுதி, தங்கச்சி குடுத்த பில்லோட வச்சிருக்கேன்.

குடியாத்தத்துக்காரரே, உங்களுது வந்து சேர்ந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. ஞாயித்துக்கிழமை கடை இல்ல. மழை விட்ட ஒரு நாளாப் பார்த்து எடுத்துட்டு வாங்க, அண்ணனும் இருப்பார். குழாய்ல ரொம்ப இறுக்கிச் சுருட்டாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்துடுங்க.

27 நவம்பர் 2023

கையெழுத்து பென்சில்தான்னு சொன்னீங்களே, யாரோட பென்சில்?